சாமானுக்குப் பேர் போட்ட கதை

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த பழைய லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இரண்டு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை). இதுதான் எங்கள் அருங்காட்சியகம். இதில் எனக்கு முதலில் கிடைத்தது சாவி வேலை. ஞாயிற்றுக்கிழமை யார் திறப்பது, யார் பூட்டுவது, தேத்தண்ணிக்குச் சீனி இருக்கிறதா, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் இந்த வாரம் யார் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இதையெல்லாம் பார்ப்பவருக்குத் தொண்டர் ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். சாமான்களைத் தொடும் வேலை என்னுடையது இல்லை. அப்படி இருந்தவள் பேரேடும் கையுமாக உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு சிரமதானம்.

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து மலையகத்துக்கு ஆட்கள் வந்து 200 வருசம் என்று 2023ல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதற்கு எங்கள் தோட்டத்திலிருந்தும் நாலைந்து பேர் போனார்கள். திரும்பி வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசியதில், பரணிலும் அடுப்புக்கு மேலேயும் கிடந்ததெல்லாம் லயத்துக்கு வர ஆரம்பித்தது. கொழுந்துக் கூடை, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, மண் கிளறும் முள்ளு, கம்பளி, அரிக்கன் லாம்பு, பித்தளைச் செம்பு, அம்மி, தப்பு என்ற பறை. வாங்கியவர்கள் பிரிஸ்டல் போர்டைச் சின்னதாக வெட்டி, யார் கொடுத்தது, எந்த லயம், கொடுக்கும்போது என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி எழுதி நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். நல்ல பழக்கம்தான். பேரேடு மட்டும் யாரும் போடவில்லை. "ஆறுதலா எழுதிக்கலாம்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அடுத்த வருசம் தைப்பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிறு சிரமதானம் வைத்தோம். அன்றைக்கென்று ஹட்டனில் ஒரு சாவு வீடு, நான் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் லயம் பளபள என்றிருக்கிறது. தரை கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, சாமான் வைக்கும் ராக்கையைத் துடைத்து, சாமான்களை இனம் இனமாகப் பிரித்து அழகாக அடுக்கியிருக்கிறார்கள். கூடையெல்லாம் ஒரு பக்கம், கத்தியெல்லாம் ஒரு பக்கம். நடு மேசையில் ஒரு ரொட்டித் தட்டு. அது நிறையச் சீட்டு.

"சீட்டெல்லாம் ஒரே அழுக்கா இருந்திச்சிக்கா. ஒன்னும் தொலைஞ்சி போகல. எல்லாத்தையும் கழட்டி பத்திரமா வச்சிருக்கோம். புதுசா எழுதி கட்டிக்கலாம்."

அந்தப் பிள்ளையின் முகத்தில் அவ்வளவு சந்தோசம். நான் "சரி தங்கச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது?

எண்ணிப் பார்த்தேன். 61 சீட்டு, 61 சாமான். கிராமபோன் ஒன்றுதான், தப்பு ஒன்றுதான், அம்மி ஒன்றுதான். இப்படி ஒற்றையாக இருந்த 14 சாமானுக்கு உடனே சீட்டைக் கட்டிவிட்டேன். மிச்சம் 47. ஒன்பது கூடையில் எது யார் வீட்டுக் கூடை? பதினொரு கத்தியில் எது யார் கத்தி? அதோடு முடியவில்லை. கத்திகளுக்குச் சேண்ட்பேப்பர் போட்டுத் துருவை எடுத்திருந்தார்கள். பித்தளைச் சாமான்கள் புளி போட்டுத் தேய்த்ததில் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி மின்னின. ஒரு கம்பளியைச் சவுக்காரத்தூள் போட்டு வெந்நீரில் துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். ஆட்டு மயிரில் நெய்தது சுருங்கிக் குழந்தைக்குப் போர்த்தும் அளவுக்கு வந்துவிட்டது. அது இனி நீளாது.

பிள்ளைகளை ஏச எனக்கு வாய் வரவில்லை. சிரமதானம் என்றால் கூட்டு, கழுவு, வெள்ளையடி என்றுதான் பாலர் வகுப்பிலிருந்து பழக்கியிருக்கிறோம். வேலை செய்ய வா என்று கூப்பிட்டு, என்ன வேலை என்று சொல்லாமல் போனது நான்.

*

முதல் உதவி வந்தது தோட்டத்தில் முப்பது வருசத்துக்கு மேல் கணக்கப்பிள்ளையாக இருந்து பென்சன் எடுத்த ஐயாவிடமிருந்து. தட்டைப் பார்த்தார், ராக்கையைப் பார்த்தார், சிரித்தார்.

"பெரட்டுக்கு ஆள் வந்திருக்கு, செக்ரோல காணோம். அதானே?"

அதேதான். தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து விடுவார்கள். நாள் முழுக்க வேலை செய்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவில் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், விழும். எடை குறைந்தால் அரைப்பேர். எவ்வளவு பாடுபட்டிருந்தாலும் செக்ரோலில் ஏறாத நாள், செய்யாத நாள்தான். மாதக் கடைசியில் அதைச் சண்டை போட்டு வாங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஐயா செக்ரோல் மாதிரியே ஒரு பேரேட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்தார். கடையில் வாங்கிய தடித்த அட்டை சி.ஆர். கொப்பி, பக்கங்களுக்கு எண் போட்டது. எண், சாமான், கொடுத்தவர், வந்த தேதி, நன்கொடையா இரவலா, அளவு, அடையாளம், இப்போதைய நிலை, இருக்கும் இடம். கடைசியில் அவராகவே ஒரு கட்டம் சேர்த்தார்: பேர். கொடுத்தவரும் அடையாளமும் சந்தேகமில்லாமல் பொருந்தினால் முழுப்பேர். ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாவிட்டால் அரைப்பேர். ஒன்றுமே தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். "தெரியாதத எழுதாத. வெறும் கட்டத்த பின்னால நெரப்பலாம். பொய்ப்பேர் போட்டா பிறகு எடுக்க முடியாது" என்றார். அருங்காட்சியகப் படிப்பு படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வந்த வழி தெரியாமல் கையில் இருக்கும் சாமானைத் தனி வரிசை எண்ணில் பதிய வேண்டும், பழைய எண்ணை ஊகித்துப் போடக் கூடாது.

எண் முறையைச் சிக்கலாக்கவில்லை. வந்த வருசம், புள்ளி, வந்த வரிசை. 2023.17 என்றால் அந்த வருசம் பதினேழாவதாக வந்த சாமான். ஒரே வீட்டிலிருந்து மூன்று சேர்ந்து வந்திருந்தால் 2023.17.1, 17.2, 17.3. கூடைக்கு K, கத்திக்கு P என்று எழுத்துப் போடலாம் என்று ஒரு தம்பி சொன்னான். வேண்டாம் என்றேன். இன்றைக்குக் கூடை என்று நினைப்பது நாளைக்கு வேறொன்றாகத் தெரிந்தால் எண்ணையே மாற்ற வேண்டிவரும்.

எண்ணை எழுதுவதில் ஒரு கூத்து. ஏற்கெனவே இரண்டு மண்வெட்டிக்குச் சிவப்பு நெயில் பாலிஷில் எண் போட்டிருந்தார்கள். அது கொஞ்ச நாளில் உரிந்து, எட்டு மூன்றாகிவிட்டது. இப்போது இரும்புக்கும் கூடைக்கும் பருத்தி நூலில் கட்டிய சீட்டு. துணிக்கு, துணிநாடாவில் எண்ணை எழுதி ஓரத்தில் இரண்டே இரண்டு தையல். காகிதத்துக்குப் பின்பக்க மூலையில் 2பி பென்சில், அழுத்தாமல். பேனா எந்தச் சாமானுக்கும் கிட்டப் போகக் கூடாது. சீட்டு அறுந்தாலும் ஆளைக் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் எண்ணோடு வைத்து, பக்கத்தில் அடிமட்டமும் வைத்துப் போட்டோ.

*

இனி 47. முதல் ஞாயிறு நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் செய்யாமல் இருக்கட்டும். சாமான் கொடுத்தவர்களை வரச்சொல்லி, சீட்டை வாசித்து, "இந்தக் கூடைதானே உங்களுது?" என்று கேட்டேன். எல்லோரும் ஆமா என்றார்கள். ஒரே கூடைக்கு இரண்டு பேர் ஆமா என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மரியாதையாகக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, அக்கா ஒருத்தி இதானே என்று கேட்டால் இல்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு வராது.

அடுத்த வாரம் முறையை மாற்றினேன். சீட்டுகள் என் பையில். கூடைகளை இஸ்தோப்பில் வரிசையாக வைத்து, ஒவ்வொருவராக வரவிட்டு, "உங்க கூடை எப்படி இருக்கும்? முதல்ல சொல்லுங்க, பிறகு பாருங்க" என்றேன். சொல்வதை ஒரு பிள்ளை எழுதிக்கொள்ளும். பிறகுதான் கூடைப் பக்கம் விடுவோம்.

பணிய லயத்து அம்மாயி அன்றைக்கு வந்தது. எண்பதைத் தாண்டிய வயது. கண்ணும் சரியாகத் தெரியாது. "எப்படி இருக்கும் அம்மாயி?" என்றால், "கூடை கூடை மாதிரிதான் இருக்கும், வேற எப்படி இருக்கும்" என்று ஒரு போடு. பிறகு வரிசைக்குப் போய், எந்தக் கூடையையும் பார்க்காமல், கயிறுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தது. ஆறாவது கூடையில் நின்றுவிட்டது. கூடைக் கயிறு தலையில் பதியும் இடத்தில் எல்லோரும் துணி சுற்றுவார்கள். இதில் துணிக்குள்ளே இன்னொரு துணி இருந்தது, அதன் முடிச்சு நடுவில் இல்லாமல் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

"எங்க மாமியாருக்கு உச்சியில ஒரு கட்டி இருந்திச்சி. நடுவுல முடிச்சி போட்டா குத்தும். அதுனால இந்தப் பக்கம் தள்ளி போட்டுக்கும். அவங்களுக்குப் பெறகு நான்தான் இந்தக் கூடைய தூக்குனேன். எனக்குக் கட்டி இல்ல. ஆனா முடிச்ச நான் மாத்தல."

சீட்டில் இருந்தது: "பணிய லயம், அம்மாயி, மாமியார் காலத்துக் கூடை." கட்டியும் முடிச்சும் அதில் இல்லை. சீட்டுக் கழன்றிருக்காவிட்டால் இதை யாரும் கேட்டிருக்கவும் மாட்டோம். பேரேட்டில் அடையாளம் என்ற கட்டத்தில் அதை அப்படியே எழுதினேன். முழுப்பேர்.

ஒன்பது கூடையில் ஏழுக்கு இப்படியே வழி பிறந்தது. ஒன்றில் பெட்டி கட்டும் நீலப் பிளாஸ்டிக் நாடாவால் ஒட்டுப் பின்னல். ஒன்றின் அடியில் மாட்டுத்தோல் வைத்துத் தைத்தது. ஒரு கூடைக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். சொந்தக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்கது மண்ணு வாசம் அடிக்கும்" என்று சொல்லி விலகிப் போனார். அதற்கு அரைப்பேர்.

கத்திகள்தான் பாடாய்ப்படுத்தின. துரு போன பிறகு பதினொன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. கவ்வாத்துக்குப் பேர்போன மாமா ஒருவரைக் கூட்டி வந்தேன். முதல் கத்தியை எடுத்ததும், "இது கடையில வாங்குனதா புள்ள?" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மனிதர் அலகைப் பார்க்கவில்லை, பிடியைத்தான் பார்த்தார். கவ்வாத்து வெட்டுகிறவர் நாள் முழுக்கக் கத்தியும் தீட்டுக்கல்லுமாகவே இருப்பார். செடிக்குச் சாய்வாக ஒரே வெட்டு, பட்டை கிழியக் கூடாது, கிழிந்தால் வாது செத்துப்போகும். அதனால் ஒவ்வொருத்தர் கத்தியும் அவரவர் கைக்குத் தேய்ந்திருக்கும். ஐந்தாவது கத்தியை வலக்கையில் பிடித்துப் பார்த்து, இடக்கைக்கு மாற்றினார்.

"இது பீச்சாங்கைக்காரன் கத்தி. தீட்டுனது மறுபக்கம் பாரு."

தோட்டத்தில் அந்தக் காலத்தில் இடக்கையால் கவ்வாத்து வெட்டியவர் ஒருவர்தானாம். அவர் பேரன் கொடுத்த சீட்டுத் தட்டில் இருந்தது. இன்னும் நாலு கத்திக்குப் பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப், தீயில் சுட்ட குறி என்று வழி கிடைத்தது. மிச்சம் ஆறுக்கு இல்லை. துருவோடு இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்தால் ராத்திரி தூக்கம் போகும், யோசிப்பதில்லை. இப்போது இரும்புக்கு எங்கள் வைத்தியம் காய்ந்த மெல்லிய பிரஷ் மட்டும். மண் உதிர்ந்தால் உதிரட்டும். எண்ணெய் பூசினால் தூசு ஒட்டி மூன்று மாதத்தில் பிசுக்காகிவிடும்.

எதிர்பாராத இடத்திலிருந்தும் பேர் வந்தது. திறப்பு விழாவன்று பிள்ளைகள் எடுத்த செல்பிகள். பல்லைக் காட்டி நிற்கும் முகங்களுக்குப் பின்னால் ராக்கையும், சீட்டுத் தொங்கும் சாமானும். வட்ஸ்அப் குழுவில் இருந்த படங்களைப் பெரிதாக்கினால் எழுத்துக் கட்டம் கட்டமாக உடைந்தது, அனுப்பும்போதே படத்தைச் சுருக்கிவிடுகிறதே. எடுத்தவர்களின் போனிலிருந்தே மூலப் படத்தை வாங்கிப் பார்த்தால் சீட்டின் எழுத்துத் தெளிவாக இருந்தது. அப்படி ஒன்பது சாமான். அந்தத் தங்கச்சி எடுத்த படங்களில் மட்டும் ஐந்து. அவள் இப்போது எங்கள் போட்டோப் பொறுப்பாளர்.

*

கம்பளி வேலை தனிக் கதை. மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரை மடித்துப் போட்டால் கொங்காணி, ராத்திரியில் போர்வை, பிள்ளைக்குத் தொட்டில் விரிப்பு. தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் பிடிப்பார்கள். இதெல்லாம் தேயத் தேயப் பாவித்து, கடைசியில் கால்மிதியாகி அடுப்புக்குப் போன சாமான்கள். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் 1925ல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையை 2001ல் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். அங்கே உருட்டும் மெசின்கள் மாடி மாடியாக நிற்கின்றன. ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் இரும்பு மெசின் தானாக நிற்கும். கம்பளி யாராவது எடுத்து வைத்தால்தான் உண்டு. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் சாமான்களுக்கென்றே பழைய லயத்தில் ஓர் அருங்காட்சியகம் 2007ல் தொடங்கினார்கள். நாங்கள் செய்வதற்கெல்லாம் தைரியம் தந்தது அதுதான்.

துவைத்துச் சுருங்கிய ஒன்று போக ஆறு கம்பளி. இரண்டில் அந்துப்பூச்சி. மடிப்பை விரித்தால் உமி மாதிரிச் சின்னக் கூடுகள், மயிர் அரிக்கப்பட்ட வழுக்கைக் கோடுகள். வேப்பிலை வைக்கலாம், அந்துருண்டை வைக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை. வேப்பிலையே காய்ந்து பூச்சிக்குத் தீனியாகும். அந்துருண்டை அந்தச் சின்னக் காம்பராவில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத்தான் முதலில் தலையிடி தரும். மருந்து இல்லாத வழி குளிர். உறைகுளிரில் போதுமான நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துப்போகும்.

டவுனில் ஐஸ்கிரீம் மொத்தமாக விற்கும் கடைக்காரரிடம் போய், டீப் ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் கேட்டேன். "என்னா மீனா, எறச்சியா?" என்றார். கம்பளி என்றேன். மனுசன் மனைவியைக் கூப்பிட்டு, "இங்க வந்து கேளு இதை" என்றார். பூச்சி வெளியே வராது, பொதி பிரியாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னபிறகு ஒரு மூலை கிடைத்தது.

செய்த விதம் இது. கம்பளியை இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைச் சீத்தைத் துணியில் பொதிந்து, தடித்த பொலித்தீனில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, டேப்பால் இரண்டு சுற்று ஒட்டினேன். மைனஸ் 18ல் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது, இதுதான் முக்கியம். குளிர்ந்த பொதியைச் சூடான காற்றில் பிரித்தால் ஐஸ் போத்தலுக்கு வேர்ப்பது போலக் கம்பளி முழுக்கத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். மூடியபடியே ஒரு முழு நாள் விட்டுத்தான் பிரித்தேன். செத்த கூடுகளை மெல்லிய பிரஷால் தள்ளி, புதிய அரிப்பு வருகிறதா என்று அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்திருக்கிறேன். தாளில் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இதுவரை தாள் சுத்தம்.

பூச்சியைக் குளிரில் கொல்லலாம், பூஞ்சணத்துக்கு என்ன செய்வது? மே கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் எங்கள் பக்கம் செப்டெம்பர் வரை துணி காயாது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணம் தலைகாட்டும். எங்கள் சின்ன மீட்டர் ஆடி மாதத்தில் 88 காட்டியது. ஏசி, இயந்திரம் எல்லாம் நம்மால் ஆகிற காரியமா? ராக்கைகளை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினோம். பொலித்தீன் உறைகளையெல்லாம் கழற்றித் துணி உறை போட்டோம். வெயில் அடிக்கும் மத்தியானம் மட்டும் எதிரெதிர்க் கதவைத் திறந்து, மூடுபனி இறங்கு முன் மூடுவது. நாட்குறிப்பில் இன்றைக்கும் அதிகமாக இருக்கும் வரி, "2 மணி திறந்தது, 4 மணி பூட்டியது."

*

காகிதங்கள் அலுமாரியில் பூட்டி இருந்ததால் சிரமதானத்துக்குத் தப்பின. ஆனாலும் பேரேடு போடும்போது இரண்டைப் பற்றி எழுத வேண்டியிருந்தது.

ஒன்று, "கொள்ளுத்தாத்தாவின் துண்டு" என்று வந்த காகிதம். துண்டு என்றால் தெரியுமே, ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிக்கு ஒருவர் பட்டிருந்த கடனை எழுதி, அந்தக் கடனை அடைக்கிறவர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்த சீட்டு. துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் ஏற முடியாது. சாய்த்துப் பிடித்த டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தால் தேதி 1938. துண்டு முறை 1921லேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. கடன் தொகையும் அதில் இல்லை. இது வேலையிலிருந்து விலகும்போது கொடுத்த சீட்டு. குடும்பத்திடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். கடைசியில் சொன்னபோது அவர்கள், "அப்ப கடன் இல்லாமத்தான் வெளிய போயிருக்காரு" என்றார்கள். அந்த வசனத்தையும் பேரேட்டில் ஏற்றினேன்.

மற்றது, இந்தியாவும் இலங்கையும் 1964ல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வாங்கிய பிரஜாவுரிமைச் சான்றிதழ். பத்திரமாக இருக்கட்டும் என்று டவுனில் லெமினேட் செய்து கொண்டுவந்தார்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை நாம் பிரிக்க முடியாது, பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். ஓரத்தைக்கூட வெட்டாமல் இருட்டில் தட்டையாக வைத்திருக்கிறோம். பார்வைக்கு வைப்பது நகல்தான், அதிலும் பெயரும் எண்ணும் மறைத்தது. ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று இரண்டு நாட்டுத் தலைவர்கள் ஆள் பிரித்த காலத்துக் காகிதம். அதைக் கையில் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இன்னும் அது வெறும் பழைய சாமான் இல்லை.

சாமான்களில் தப்புப் பறை மட்டும் எங்களுடையது இல்லை. பேரேட்டில் "இரவல்" என்று எழுதியிருக்கிறது. மாசியில் காமன் கூத்துக்கு எடுத்துப் போவார்கள், தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி அடிப்பார்கள், முடிந்ததும் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள். அருங்காட்சியகச் சாமானை நெருப்பில் காட்டுவதா என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் பதறினார். அடிக்காமல் இந்த ஈரத்தில் தொங்கவிட்டால்தான் தோல் தொய்ந்து பூஞ்சணம் பிடிக்கும் என்றேன். அதைவிடப் பெரிய வாக்குவாதம் விளக்க அட்டைக்கு வந்தது. எந்த வீட்டு ஆட்களைத் தப்படிக்க வைத்தார்கள், அவர்களை எங்கே உட்கார வைத்தார்கள் என்று எழுதலாமா, வேண்டாமா. எழுதினால் மனசு நோகும் என்றார்கள் சிலர். யாருடைய மனசு என்று நான் கேட்டேன். கடைசியில் அந்தக் குடும்பத்திடமே அட்டையைக் கொடுத்துவிட்டோம். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, விடியற்காலையில் பெரட்டுக்கு எழுப்ப ஓர் அடி என்று மூன்றையும் எழுதி, கீழே, "எழுப்பியவர்களும் அதே பெரட்டுக்குத்தான் போனார்கள்" என்று அவர்களே சேர்த்தார்கள். ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை.

*

ஒருங்கிணைப்பாளர் வேலையும் மாறிவிட்டது. முன்பெல்லாம் யார் வருவார்கள் என்று மட்டும் அட்டவணை போடுவேன். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு வேலை. "ராக்கை 2, தாள் பார்த்தல்." "மூன்று சாமான் அளந்து எழுதுதல்." இரண்டு பேர் சேர்ந்துதான் ஒரு சாமானைத் தூக்க வேண்டும், ஒருவர் சீட்டைப் பிடிக்க வேண்டும். சும்மா வந்து உதவி செய்ய நினைப்பவர்களுக்கு வாளியும் துணியும் கொடுப்பதில்லை, பென்சில் கொடுக்கிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. கைநிறைய வேலை செய்து பழகியவர்களை உட்கார வைத்து எழுதச் சொன்னால் வேலை செய்த மாதிரியே இருக்காதாம். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் வட்ஸ்அப்பில் குரலாகச் சொல்லி அனுப்புகிறார்கள், பிள்ளைகள் கேட்டு எழுதுகிறார்கள். இதற்கு மட்டும் ஆள் பஞ்சமில்லை.

போன மாதம் ஐயா வந்து பேரேட்டைக் கூட்டிப் பார்த்தார். 47ல் முழுப்பேர் 29, அரைப்பேர் 11, பேரில்லாதது 7. அந்த ஏழில் ஆறு சேண்ட்பேப்பர் போட்ட கத்திகள். ஏழாவது சாவியில்லாத ஒரு பித்தளைப் பூட்டு. ஏழையும் வாசலுக்குப் பக்கத்து ராக்கையில் வைத்து, "இது யாருடையது?" என்று அட்டை வைத்திருக்கிறோம்.

போன ஞாயிறு மஸ்கெலியாப் பக்கமிருந்து மகள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் பூட்டைத் தூக்கிப் பார்த்தார். மவுஸ்ஸாக்கலை அணையில் தண்ணி கட்டிப் பழைய மஸ்கெலியா டவுன் உள்ளே போனது 1969ல், அதற்கு முன்னால் அந்த டவுனில் இந்த மாதிரிப் பூட்டு விற்ற கடை இருந்தது என்றார். எங்கள் மேல் லயத்தில் ஒரு குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போகும்போது, காம்பராவைத் தோட்டம் எடுத்துக்கொண்டதால் பூட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனதாகவும் ஞாபகம் என்றார். எந்த வீடு என்று தெரியவில்லை.

"சாவிய என்னா பண்ணாங்க?" என்று தங்கச்சி கேட்டாள்.

"சாவிய கொண்டு போயிருப்பாங்க."

பேரேட்டில் அரைப்பேர் போட்டேன். மேல் லயத்தில் விசாரிக்க இரண்டு பிள்ளைகள் பெயரை அட்டவணையில் எழுதியாகிவிட்டது. அதற்கு முன் இரண்டாவது காம்பராவின் மூலையில் தகரம் ஒழுகுகிறது. ஆணியும் தார்ப்பட்டியும் வாங்கி வைத்திருக்கிறேன், வெயில் வர வேண்டும்.